காட்டைக் கொடுத்துவிடும் ஊர்களும் வரப்போகிற ஒற்றை மட்டையும்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்துறை ஆகிய ஊர்களின் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள், முதியோர் சங்கங்களின் நிர்வாகத்தினருக்கு,



அஸ்வெசும உதவிப்பணம் 2023 முதல் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2025 பெப்ரவரியில் அரசாங்கக் கட்டணங்களைக் கைத்தொலைபேசியிலேயே செலுத்த ‘கவ்பே’ வந்தது. அதே ஆண்டு நவம்பர் 24 ஆம் திகதி, வங்கி அட்டையைத் தட்டிப் பேருந்துக் கட்டணம் கொடுக்கும் முறையை மாகும்புரவில் தொடக்கி வைத்தார்கள். கைரேகை, கண், முகம் எல்லாம் பதிந்து கொடுக்கிற எண்ணிம அடையாள அட்டைக்கு இந்திய நிதியுதவியோடு வேலை நடக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனித் திட்டம்தான். ஆனால் எல்லாம் ஒரே துறைக்குத்தான் வந்து சேரப்போகின்றன: ஆளை அடையாளம் காட்டுவதும், காசு எடுப்பதும், பஸ் ஏறுவதும், உதவிப்பணம் வாங்குவதும் ஒரே மட்டையில், அல்லது ஒரே தொலைபேசியில். அப்படியொரு மட்டை கைக்கு வந்த பிறகு அதைப் பற்றிக் கடிதம் எழுதிப் பயனில்லை. ஆகவே இப்போதே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த வசதிகளோடு பகை கிடையாது. வெற்றிலைப் பெட்டிக்குள் காசு வைத்து எலி கடித்த கதைகள் எனக்கும் தெரியும். எனது பேச்சு உங்கள் ஊர்களில் வங்கி அட்டை புழங்குகிற விதத்தைப் பற்றியது. கொழும்பில் இருந்து இவற்றை வடிவமைக்கிறவர்கள் அதைக் கண்டதில்லை.

அவர்களுடைய கணக்கில் ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. அந்த ஆளின் தலைக்குள் மட்டும் இருக்கிற நாலு இலக்கம். உங்கள் ஊரின் கணக்கு வேறு. காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வருகிற ஒருவரின் சட்டைப் பைக்குள் றப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு இருக்கும். பக்கத்து வீட்டு ஆச்சியின் காட், மச்சாளின் காட், கால் ஏலாமல் கிடக்கிற ஓய்வூதிய வாத்தியாரின் காட். ஒவ்வொன்றையும் சுற்றி நாட்காட்டித் தாளில் கிழித்த ஒரு துண்டு. துண்டில் எடுக்கவேண்டிய தொகை, அதற்குக் கீழே நாலு இலக்கம். சிலதில் ‘மிச்சம் எவ்வளவெண்டு றிசீற்று எடுத்து வா’ என்று ஒரு வரி. பொழுதுபடப் படகில் காசும் காட்டும் றிசீற்றும் அதே துண்டில் மடித்துத் திரும்பி வரும். ஒருவரும் எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை.

இதை அறியாமை என்று சொல்லிச் சிரிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நெடுந்தீவுக் கடல் ஒரு மணித்தியாலம். அதற்குப் பிறகு பஸ், வெயில், வரிசை, திரும்பவும் பஸ், திரும்பவும் கடல். எழுபத்தைந்து வயதில் மூட்டு வீங்கிய ஒரு மனுசி ஐயாயிரம் ரூபாவுக்காக அதைச் செய்வாரா? நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுவதுதான் புத்தி. கடிதம் கொடுத்துவிட்டு, மருந்துத் துண்டு கொடுத்துவிட்டு, அடைவு மீட்கக் காசு கொடுத்துவிட்டுப் பழகிய ஊர், காட்டையும் கொடுத்துவிடுகிறது. அவ்வளவுதான்.

ஆனால் வங்கிக் கருமபீடத்துக்கு உட்பக்கத்தில் காலம் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லவேண்டும். காசு குறைந்துவிட்டது என்று ஒருவர் வந்து நின்றால் அங்கே கேட்கிற முதற் கேள்வி, ‘இரகசிய இலக்கத்தை ஆருக்கும் சொன்னீங்களோ?’ என்பதுதான். ‘ஓம், உவன் தம்பியிட்டைக் குடுத்து விடுறனான்’ என்று ஆச்சி நேர்மையாகச் சொல்வார். முறைப்பாடு அந்த நிமிடத்திலேயே செத்துவிடும். விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் வாசிக்கமுடியாத எழுத்தில், இலக்கத்தைப் பிறருக்குச் சொன்னால் நட்டம் வாடிக்கையாளருடையது என்று இருக்கும். அதில் ஆச்சி கையெழுத்து வைத்திருப்பார். கொடுப்பனவு அட்டை மோசடிகளுக்கென்றே 2006 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டம் நாட்டில் இருக்கிறது. அது மோசடிக்காரனைத் தண்டிக்கலாம். ஆச்சியின் காசைத் திருப்பிக் கொடுக்கிற வேலை அதனுடையது அல்ல.

இன்றைக்கு இந்த நட்டத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. போனால் ஒரு கணக்கு. அடையாள அட்டை வீட்டில் இருக்கும்; கிளினிக் கொப்பி வீட்டில் இருக்கும்; மற்ற வங்கியின் புத்தகம் றங்குப் பெட்டிக்குள் இருக்கும். ஒற்றை மட்டை வந்தபின் ஐயாயிரம் ரூபா எடுக்கக் கொடுத்துவிடுகிறபோது ஆச்சி தன்னையே கொடுத்துவிடுகிறார். அதை வைத்திருக்கிறவர் ஆச்சியின் பெயரில் சிம் எடுக்கலாம், கடனுக்கு விண்ணப்பிக்கலாம், உதவிப்பணத்தின் கணக்கை மாற்றலாம். கொடுத்துவிடப்படுகிற தம்பி நல்லவனாகவே இருக்கட்டும். அவன் சட்டைப் பை படகில் நனைந்தால், பஸ்ஸில் விழுந்தால், ஆறு வீட்டு ஆட்கள் ஒரே நாளில் ஆரும் இல்லாத ஆட்களாகிவிடுவார்கள்.

அப்படி ஆவது என்னவென்று தீவகத்தாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அடையாள அட்டை கையில் இல்லாமல் ஒரு சோதனைச்சாவடியையும் தாண்ட ஏலாதிருந்த காலத்தைக் கண்டவர்கள் நீங்கள். அட்டை தொலைந்தவர் வீட்டைவிட்டு இறங்கப் பயந்தார். அன்று அந்த அட்டைக்குள் காசு இருக்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

எல்லாவற்றையும் ஒன்றில் போட்டுப் பார்த்த நாடுகள் உண்டு. மலேசியா 2001 இல் ‘மைகாட்’ என்று ஓர் அடையாள அட்டை கொண்டுவந்தது. சாரதி அனுமதிப்பத்திரம், மருத்துவக் குறிப்பு, வீதிச் சுங்கம் கட்டும் வசதி, மின்காசு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சில்லில் இடம் வைத்தார்கள். யாழ்ப்பாணத்தாரின் பழைய சொந்தங்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள், கேட்டுப்பாருங்கள்: பணத்துக்கு வேறு அட்டையைத்தான் பெரும்பாலும் வைத்திருக்கிறார்கள். அங்கே பல கட்டடங்களுக்குள் போவதென்றால் வாசற் காவலாளியிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். பணப்பையை ஆர் காவலாளியிடம் ஒப்படைப்பார்கள்?

எஸ்தோனியாவில் அடையாள அட்டையாலேயே வங்கி, கையெழுத்து, வாக்களிப்பு எல்லாம் நடக்கும். 2017 இல் அந்த அட்டையின் சில்லில் ஒரு பிழை கண்டுபிடித்தார்கள். நவம்பர் 3 ஆம் திகதி இரவோடிரவாக ஏறத்தாழ ஏழரை இலட்சம் அட்டைகளின் மின் சான்றுகளை நிறுத்திவைத்தார்கள். முழு நாட்டின் சனத்தொகையே பதின்மூன்று இலட்சம். அவர்கள் சமாளித்துவிட்டார்கள், வீட்டிலிருந்தே இணையத்தில் புதுப்பிக்க வழி செய்தார்கள், வரிசைகளைத் தாங்க அலுவலகங்களைக் கூடிய நேரம் திறந்தார்கள். நெடுந்தீவில் இருக்கிறவர் ஒரு பெயர்த் திருத்தம் செய்யவே எத்தனை படகு ஏறவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் 2013 இல் ‘கொயின்’ என்று ஒரு கொம்பனி, எட்டு அட்டைகளை ஒரே மின் அட்டைக்குள் அடக்கித் தருவதாக முற்பணம் வாங்கியது. 2017 இல் சேவையை நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ‘பிளாஸ்ற்க்’ என்ற இன்னொன்று, கிட்டத்தட்ட தொண்ணூறு இலட்சம் டொலர் வாங்கிக்கொண்டு ஓர் அட்டைகூடக் கொடுக்காமல் மூடியது. பணக்கார நாட்டுப் பொடியளின் விளையாட்டு என்று தள்ளிவிடலாம். ஆனாலும் ஒரு கேள்வி அங்கிருந்து வருகிறது: மட்டையை நடத்துகிற கொம்பனி படுத்துவிட்டால் மட்டைக்குள் இருக்கிற நாங்கள் என்னாவது?

இவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் கையிலேயே ஓர் ஒத்திகை நடந்தது. 2022 ஜூலையில் வந்த எரிபொருள் அனுமதி, அதுதான் அந்தக் ‘கியூ.ஆர்.’ குறி. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 என்று தொடங்கினார்கள். தாளில் அச்சடித்து, லமினேற் பண்ணி, ஹாண்டிலில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தோம். ஒருவருக்கொருவர் வட்ஸ்அப்பில் அனுப்பினோம். குறி ஒரே குறி; இன்றைக்கும் அது, நாளைக்கும் அது. படம் பிடித்தவன் எவனும் காட்டலாம். வரிசையில் மணிக்கணக்காக நின்று பம்படிக்கு வந்தால், ‘உங்கட பங்கு முடிஞ்சுது அண்ணை’ என்ற பதில் நாட்டில் எத்தனையோ பேருக்குக் கிடைத்தது. பிறகு குறியை மாற்றிக்கொள்ள வழி விட்டார்கள். 2023 செப்ரெம்பரில் முறையே நிறுத்தப்பட்டது. அன்றைக்குப் போனது நாலு லீற்றர் பெற்றோல். அந்தக் குறிக்குப் பின்னால் வங்கிக் கணக்கும் கைரேகையும் இருந்திருந்தால்? குறியை மாற்றலாம். விரலை மாற்ற ஏலாது. இந்தியாவில் ஆதார் அடையாள எண்ணோடு இணைத்த கொடுப்பனவு முறையில், நகலெடுத்த கைரேகையால் ஏழைகளின் கணக்குகளில் காசு உருவியது இப்படித்தான் நடந்தது. காணிப் பதிவுப் பத்திரங்களில் வைத்த கைரேகையிலிருந்தே அச்சு எடுத்திருந்தார்கள்.

மட்டை வரும்வரை காத்திராமல், ஒற்றை மட்டையின் வேலையைக் கைத்தொலைபேசி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. பிரான்சில், சுவிசில், கனடாவில் இருக்கிற பிள்ளை லீவில் வந்து அம்மாவுக்கு நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுத்து, வங்கிச் செயலியையும் போட்டுவிட்டுப் போகிறது. செயலி அதில். செயலி கேட்கிற ஓ.ரி.பி. வருகிற சிம் அதில். அனுப்புகிற காசுக்கு வருகிற செய்தியும் அதில். உறைக்குப் பின்னால் அடையாள அட்டையும் ஏ.ரி.எம். காட்டும் செருகியிருக்கும்; அம்மாவுக்கு மறக்காமல் இருக்கவேண்டும் என்பதற்காக இரகசிய இலக்கத்தை ‘கொன்ராக்ற்’ இல் ஒரு பெயராகப் போட்டிருப்பார்கள். பூட்டைத் திறக்கிற இலக்கம் அம்மா பிறந்த வருடம். திருடன் இதைவிட அடுக்காக வைத்துத் தரச்சொல்லிக் கேட்கமாட்டான்.

தபால் திணைக்களத்தின் பெயரில் ‘உங்கள் பொதி வந்திருக்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள்’ என்று வருகிற பொய்க் குறுஞ்செய்தியை ஒரு கொழும்பான் அழித்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து உண்மையிலேயே பொதி வந்துகொண்டிருக்கிற வீட்டில் அதை நம்பத்தான் செய்வார்கள். வட்ஸ்அப்பைக் கைப்பற்றிக்கொண்டு ‘அவசரமாகக் கொஞ்சம் காசு போடு’ என்று எழுதுகிறவனுக்கும் எங்கள் குடும்பங்கள் வாய்ப்பானவை. இங்கே கேட்பதும் அங்கிருந்து போடுவதும் எங்களுக்குப் புதினமல்ல.

நயினாதீவில் கடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆனியில் அம்மன் திருவிழாவுக்கும், நாகவிகாரைக்கு வருகிற தெற்குச் சனத்துக்கும் மேசையில் கியூ.ஆர். ஒட்டிவைக்கிறீர்கள். இந்தியர்களும் 2024 பெப்ரவரி முதல் தங்கள் யு.பி.ஐ. செயலியால் இலங்கையில் கட்டலாம். நல்லது. ஆனால் கூட்ட நாளில் ஒருவன் உங்கள் குறிக்கு மேல் தன்னுடையதை ஒட்டிவிட்டுப் போக ஒரு நொடி போதும். காலையில் கடை திறந்ததும் நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பாருங்கள். வாங்குகிறவர் தன் போனைத் திருப்பிக் காட்டுகிற பச்சைச் சரி அடையாளத்தை நம்பிப் பனங்கட்டியும் ஒடியலும் கட்டிக்கொடுக்காதீர்கள். உங்கள் போனுக்குச் செய்தி வந்ததா என்று பாருங்கள். இன்னொரு பக்கமும் உண்டு, அது வாங்குகிறவர்களுக்கு. அட்டையில் கொடுத்தால் நூற்றுக்கு மூன்று கூட என்று கேட்கிற கடைகள் யாழ்ப்பாணத்தில் குறைவில்லை. வாடிக்கையாளரிடம் அப்படி மேலதிகமாக அறவிடக்கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. கேட்டால் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கடலும் காற்றும். மாகும்புரவில் பஸ்ஸில் அட்டை தட்டத் தொடங்கிய அதே கிழமைதான் டித்வா புயல் அடித்தது. பல மாவட்டங்களில் தொலைத்தொடர்பு அறுந்து கிடந்தது. அந்த நாட்களில் அரிசி வாங்கத் தாள் காசுதான் உதவியது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடே இருண்டது. நெடுந்தீவுக்குத் தனி மின்பிறப்பாக்கி, தேசிய மின்வலையோடு தொடுப்பே இல்லை. குரங்கால் உங்களுக்கு ஆபத்தில்லை என்று நினைக்கலாம். ஆனால் நீங்கள் தட்டுகிற அட்டைக்குச் சரி சொல்கிற கணினி நெடுந்தீவில் இல்லையே. மார்கழிக் கடலில் படகு நிற்கிறபோது அட்டையும் நின்றுவிட்டால் சங்கக்கடையில் கடன் கொப்பி திறப்பதுதான் மிச்சம்.

தகவல் என்று ஒரு சரக்கும் இருக்கிறது. ஹொங்கொங்கில் 1997 இல் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் என்று வந்த ‘ஒக்ரொபஸ்’ அட்டை கடைக்கும் மருந்தகத்துக்கும் பரவியது. 2010 இல் பார்த்தால், ஏறக்குறைய இருபது இலட்சம் பேரின் விபரங்களை அந்தக் கொம்பனி மற்ற வியாபாரிகளுக்குக் கொடுத்துக் காசு பார்த்திருந்தது தெரியவந்தது. எங்கள் நாட்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேறியது. அதன் முக்கியமான பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, தள்ளிவைக்கப்பட்டன. வீடு கட்டி முடிய முன் குடிபூரலுக்கு நாள் வைக்கிறார்கள்.

இனி உங்கள் வேலை. ‘காட்டை ஒருவரிடமும் கொடுக்காதீர்கள்’ என்று சுவரொட்டி ஒட்டுவது எளிது. வங்கிகள் அதைத்தான் செய்கின்றன. படகு ஏறமுடியாதவருக்கு அந்தச் சுவரொட்டி சொல்வது, காசு எடுக்காதே என்பதைத்தான். கொடுத்துவிடும் வழக்கத்தை ஒரே நாளில் நிறுத்த ஏலாது. கொடுத்துவிடுகிற மட்டைக்குள் இருக்கிறதைக் குறைக்கலாம்.

ஒருவருக்கு இரண்டு கணக்கு. சேமிப்பு, வெளிநாட்டுக் காசு, வைப்பு எல்லாம் இருக்கிற கணக்குக்கு காட் எடுக்கவே வேண்டாம், செயலியும் வேண்டாம், புத்தகம் மட்டும். அதிலிருந்து மாதம் ஒரு தொகை சின்னக் கணக்குக்குத் தானாகப் போக வங்கிக்கு நிலையான கட்டளை எழுதிக் கொடுக்கலாம். காட் சின்னக் கணக்குக்கு மட்டும். நாளொன்றுக்கு எடுக்கக்கூடிய தொகையைக் குறைக்கவும், தட்டிக் கட்டுகிற வசதியை நிறுத்தவும் பல வங்கிகள் கேட்டால் செய்துகொடுக்கும். கேட்கவேண்டும், அவர்களாகச் சொல்லமாட்டார்கள். மகளோ மருமகனோதான் எப்போதும் காசு எடுத்துக் கொடுக்கிறவர் என்றால், சின்னக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்கி அவருக்கென்று தனிக் காட் எடுங்கள். அவர் தன் காட்டால், தன் இலக்கத்தால், சட்டப்படி எடுப்பார். பொய் சொல்லவும் தேவையில்லை, உண்மை சொல்லி நட்டப்படவும் தேவையில்லை. கூட்டுக் கணக்கில் மற்றவர் முழுவதையும் எடுத்துவிடலாம் என்பதும் உண்மை. அதனால்தான் சின்னக் கணக்கு என்றேன்.

ஓ.ரி.பி. வருகிற சிம்மை ஒரு பழைய பொத்தான் போனில் போட்டு வீட்டில் வைக்கலாம். உறைக்குள் இருக்கிற அடையாள அட்டையை இன்றைக்கே வெளியில் எடுக்கலாம். அட்டை தொலைந்தால் அழைக்கவேண்டிய வங்கி இலக்கத்தை அட்டையின் முதுகில் மட்டும் விட்டுவைத்தால் அட்டையோடு அதுவும் போய்விடும்; சங்கக் கட்டடத்தின் அறிவித்தற் பலகையில் ஊரார் வைத்திருக்கிற எல்லா வங்கிகளின் இலக்கங்களையும் பெரிதாக எழுதிப் போடுங்கள். பக்கத்தில் 1935 என்று எழுதுங்கள். அது மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு. முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிட்டு, பதில் சரியில்லை என்றால் அங்கே போகலாம். போன், வட்ஸ்அப் களவுகளுக்கு 101 என்ற இலக்கத்தில் கணினிப் பாதுகாப்புக்கான இலங்கை ‘சேர்ட்’ நிறுவனம் இருக்கிறது. தமிழில் பேசுகிறவரைக் கேளுங்கள். கேட்பது உரிமை, உபகாரம் அல்ல.

அரசாங்கத்திடம் கேட்கவேண்டியவற்றை நீங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டால் கோப்புக்குள் போய்விடும். தீவகம் வடக்கு, தீவகம் தெற்கு, நெடுந்தீவு என்று பிரதேச செயலகங்கள் மூன்று. சங்கங்கள் ஒரே வாசகத்தில் மூன்றுக்கும் அனுப்பவேண்டும். கேட்கவேண்டியவை இவை. அடையாள அட்டைக்குள் பணப்பையை வைக்கக்கூடாது. இரண்டும் இரண்டாகவே இருக்கட்டும். படகிலும், பஸ்ஸிலும், வைத்தியசாலையிலும், சங்கக்கடையிலும் தாள் காசை மறுக்கக்கூடாது. நடக்க ஏலாதவருக்காகக் காசு எடுக்கிற பொறுப்பாளர் ஒருவரைச் சட்டப்படி பதிந்து வைத்திருக்க வங்கிகள் வழி செய்யவேண்டும். மாதத்தில் ஒரு நாளாவது அதிகாரி ஒருவர் படகேறி வந்து முறைப்பாட்டைத் தமிழில் எழுதி எடுக்கவேண்டும். அட்டை தொலைந்ததாக அறிவித்த நேரத்துக்குப் பிறகு போகிற ஒரு சதத்துக்கும் வாடிக்கையாளர் பொறுப்பில்லை என்று பெரிய எழுத்தில், படிவத்தின் முன்பக்கத்தில் வேண்டும்.

இந்த மாதப் பொதுக்கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். தீர்மானத்தை முன்மொழிகிறவர், வழிமொழிகிறவர் பெயரோடு கூட்டக் குறிப்பில் எழுதி, பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கோப்பில் வையுங்கள். எண்ணிம அடையாள அட்டைக்குக் கைரேகை எடுக்க உத்தியோகத்தர்கள் படகில் வந்து இறங்குகிற நாளில், விரலை நீட்ட முன் அந்தக் கடிதத்துக்குப் பதில் எங்கே என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
தீவகத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் ஒருவர்